தினமும் பார்க்கிற தெருவையும் ரயிலையும் எதற்குப் படமெடுக்க வேண்டும்?

8 ஜூன் 2025

கேள்வி: புதுசா ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கேன். வீடு குரோம்பேட்டை. மெரினா, மாமல்லபுரம் எல்லாம் எல்லாரும் எடுத்துத் தள்ளிட்டாங்க. நம்ம ஏரியாவுல ஜிஎஸ்டி ரோடு (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு), ரயில்வே கேட், மின்சார ரயில் தவிர எடுக்க என்ன இருக்கு?

8 ஜூன், இரவு

அந்த மூன்றையும்தான் எடுக்க வேண்டும், தம்பி. வேறெங்கும் போக வேண்டாம்.

கடற்கரைக் கோயிலை இந்த வாரம் எடுக்காவிட்டால் பொங்கல் லீவில் போய் எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேஷன் போகிற வழியில் மாடியில் தொங்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பலகையை இந்த வாரம் எடுக்காவிட்டால், அடுத்த முறை பார்க்கும்போது அங்கே மொபைல் கடை பேனர் இருக்கும். பலகை எப்போது இறங்கியது என்று தெருவில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. நான் சென்னை பீச்–தாம்பரம் ரயில் லைனிலேயே படித்து, அதே லைனிலேயே வேலைக்குப் போய் வருகிறவன். கண்முன்னே போனதில் பாதிக்கு என்னிடம் படம் இல்லை. அந்த ஆதங்கத்தில்தான் சொல்கிறேன்.

9 ஜூன்

“அப்படி என்ன போயிடுச்சு?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

என் சித்தி மகன் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிய அன்று குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் எடுத்தது. ஏர்போர்ட்டுக்கு டாக்சி எதற்கு, ரெண்டே ஸ்டேஷன் என்று சூட்கேஸோடு ரயிலில் திரிசூலம் வரை போய், ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஃபிலிம் ரோலில் மிச்சம் இருந்த ஒரு ஃபிரேம். அவன் புதுச் சட்டையோடு நடுவில் நிற்கிறான். வீட்டில் எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். நான் அவன் தோளுக்குப் பின்னால் பார்ப்பேன். தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளும் இன்றைக்கு இருப்பதைவிட நெருக்கமாக இருக்கும். மீட்டர் கேஜ்: நடுவில் ஒரே ஒரு மீட்டர். இன்று அதே இடத்தில் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை ஓடுகிறது. இந்தப் பக்கம் தூணில் மஞ்சள் நிற ஒரு ரூபாய் காயின் போன், அதன்கீழே ஈரக் கோணியில் சுற்றிய பூக்கூடை, கூடைக்குப் பின்னால் கையில் அட்டை டிக்கெட்டோடு ஒரு பெரியவர்.

2004 ஜூலையோடு இந்த லைனில் மீட்டர் கேஜ் மின்ரயில் முடிந்துபோனது. இந்தியாவில் மின்மயமான மீட்டர் கேஜ் வழித்தடம் இதுதான். அதில் தினமும் ஏறி இறங்கினோம், தொங்கிக்கொண்டு போனோம், சீட்டுக்குச் சண்டை போட்டோம். வண்டியின் உள்பக்கத்தை, அந்த எதிரெதிர் சீட்டை, பிடித்துப் பிடித்து வழவழப்பான கைப்பிடியை ஒருவரும் படமெடுக்கவில்லை. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சாட்சி, சித்தி மகனின் தோளுக்குப் பின்னால் தெரியும் அந்தத் துண்டுதான்.

10 ஜூன்

மின்மயம் 1931-லா, அறுபதுகளிலா என்று இருவர் மோதிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் சரி. 1931-ல் பீச்–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது, 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில். 1967-ல் அதை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றினார்கள். மேலே இருக்கும் கம்பி அதே மாதிரி தெரியும், உள்ளே ஓடுவது வேறு.

லென்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: கேமராவோடு வந்த கிட் லென்ஸ் போதும். போனும் போதும். தெருவை எடுக்க அகலமாகப் பிடிப்பதுதான் முக்கியம். பின்னணியை மங்கலாக்கி ஒரே ஒரு டீ கிளாஸை மட்டும் பளிச்சென்று காட்டும் படங்கள் பார்க்க அழகுதான். எந்த ஊர், எந்தக் கடை, டீ என்ன விலை என்று அதில் ஒன்றும் தெரியாது. அபெர்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, எட்டில் (f/8) வையுங்கள். விலைப்பலகை, பாய்லர், பக்கத்தில் கயிற்றில் தொங்கும் வாழைத்தார், எதிர்ச்சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் தெரியட்டும்.

14 ஜூன்

முதல் கேள்வியில் வந்த ரயில்வே கேட் பற்றி இன்று விரிவாக எழுதுகிறேன்.

குரோம்பேட்டை ராதா நகர் கேட்டில் முன்பு எடுத்த படங்களை நேற்று ராத்திரி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜிஎஸ்டி ரோட்டுக்குக் கிழக்கே தண்டவாளம், அதற்கும் கிழக்கே வீடுகள். அந்தப்பக்கம் குடியிருக்கும் அத்தனை பேரின் காலையும் அந்த ஒரு கம்பத்தின் கையில் இருந்தது. சுரங்கப்பாதை வருகிறது, வருகிறது என்று வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனதும் உங்களுக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் நான் எடுத்ததெல்லாம் ரயில். கேட் மூடியதும் முன்வரிசைக்குப் போய், வண்டி வரும்போது கிளிக். எல்லாப் படமும் ஒரே மாதிரி. ஒருநாள் முன்னால் போக இடமில்லாமல், திரும்பி நின்று ஆட்களை எடுத்தேன். அதற்குப் பிறகு ரயிலைப் பெரிதாக எடுக்கத் தோன்றவில்லை. ரயில் கடந்துபோக ஆகிறது சில விநாடி, காத்திருப்பு பத்து நிமிஷம். ஊர் தெரிவது அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

கம்பம் இறங்கத் தொடங்கியதும் கடைசி மூன்று பைக் குனிந்து நுழையும். பிறகு இரண்டு பக்கமும் சாலையின் முழு அகலத்துக்கும் வண்டிகள் நிரம்பும். வலதுபக்கம் எதிரே வருபவனுக்கு உரியது என்ற நினைப்பு இரண்டு கரையிலும் யாருக்கும் இருக்காது. முதலில் ஆட்டோக்காரர் இன்ஜினை அணைப்பார். அவரைப் பார்த்து ஸ்கூட்டர்கள் அணையும். சத்தம் அடங்கியதும் பூக்கார அக்கா உள்ளே வருவார். ஹேண்டில்பாருக்கு நடுவே கையை நீட்டி, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை இழுத்து அளந்து, பல்லால் நாரைக் கடித்து அறுத்துக் கொடுப்பார். வாங்குகிறவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சில்லறை தேடுவார். ஸ்கூல் வேனில் ஒரு பையன் ஜன்னல் கம்பிக்கு வெளியே வாட்டர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, சொட்டுச் சொட்டாகக் கீழே விடுவான். சைக்கிள்காரர் சைக்கிளைப் படுக்கவைத்துக் கம்பத்துக்கு அடியில் தள்ளிக்கொண்டு போவார்.

அந்தக் கடைசிப் படத்தை நான் எங்கும் போடமாட்டேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வெளிச்சம்: நம் பகுதியில் லைன் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் நின்றால் வெயில் உங்கள் முதுகில் இருக்கும், ரயிலின் பக்கவாட்டில் முழு வெளிச்சம் விழும். காலையில் கிழக்கே, வீடுகள் இருக்கும் பக்கம் போய்விடுங்கள்.

15 ஜூன்

“ரயில் முகப்பில் ஊர்ப் பெயர் பாதிப் பாதியாக விழுகிறது, கேமரா ரிப்பேரா?” ரிப்பேர் இல்லை சார். அந்த எல்இடி பலகையில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மாறி மாறி எரிகிறது. ஷட்டர் வேகம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தால் அந்தக் கணத்தில் எரிந்த வரிசை மட்டும் விழும், ‘தாம்பரம்’ பாதி அழிந்து தெரியும். நூறில் ஒரு பங்குக்குக் குறையுங்கள், முழுப் பெயரும் வந்துவிடும். ஆனால் அந்த வேகத்தில் ஓடும் வண்டி கலங்கிவிடும். பிளாட்பாரத்தில் வண்டி நிற்கும் அந்த அரை நிமிஷத்தில் எடுங்கள். இல்லையென்றால் வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பப் பழகுங்கள்.

ராத்திரி பிளாட்பாரத்தில் படத்தில் பட்டை பட்டையாக வருவதும் இந்தக் குடும்பம்தான். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் விநாடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டரை ஐம்பதிலோ நூறிலோ வைத்தால் சரியாகும்.

22 ஜூன்

ஸ்டேஷனில் படமெடுத்தால் போலீஸ் பிடிக்குமா என்ற கேள்விக்கு.

எனக்கு நடந்தது: ஒரு நிலையத்தில் காவலர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். பிளாட்பாரம் டிக்கெட்டைக் காட்டினேன். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். பூக்கடை, பெஞ்சு, ஊர்ப் பெயர்ப் பலகை. “இதையா எடுக்குறீங்க?” என்றார். பழைய மீட்டர் கேஜ் கதையைச் சொன்னேன். அவருடைய அப்பா தாம்பரத்தில் வேலை பார்த்தவராம். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஆனாலும் இரண்டு படத்தை அழித்துவிட்டுத்தான் விட்டார். வாக்குவாதம் பண்ணாதீர்கள். வணிகத்துக்காக எடுப்பதென்றால் ரயில்வேயிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக் கட்டணம் கட்டியாக வேண்டும். டிரைபாடை விரித்து வைத்தால் உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

நம் பகுதியில் இன்னொன்றும் உண்டு. பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி, தாம்பரத்தில் விமானப்படைத் தளம், நடுவில் விமான நிலையம், கன்டோன்மென்ட். மதில்மேல் ‘படமெடுக்கத் தடை’ என்று போட்டிருந்தால் கேமராவைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

இதை மட்டும் கட்டளையாகவே எழுதுகிறேன்: தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். மின்சார ரயில் எவ்வளவு சத்தமில்லாமல் வரும் என்பது பிளாட்பாரத்தில் நிற்பவனுக்கே தெரியாது, ஃபைண்டரில் ஒற்றைக் கண்ணை வைத்திருப்பவனுக்கு எங்கே தெரியப்போகிறது? மேலே போவது 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, கிட்டப் போனாலே தாவிப் பிடிக்கும். நிறுத்தியிருக்கும் சரக்கு வண்டிமேல் ஏறி செல்ஃபி எடுக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் சத்தம் போட்டு இறக்குங்கள்.

உயரத்திலிருந்து வேண்டுமென்றால் நடை மேம்பாலம் இருக்கிறது. அங்கே கம்பிவலை அடித்திருப்பார்கள். லென்ஸை வலையோடு ஒட்டி வைத்து, அபெர்சரை முழுக்கத் திறந்தால் வலை படத்தில் கரைந்துவிடும். எட்டில் வையுங்கள் என்று முன்பு சொன்னது தெருவுக்கு, இது வலைக்கு.

5 ஜூலை

கம்பத்துக்கு அடியில் சைக்கிள் தள்ளுபவர் படத்தை ஏன் போடமாட்டேன் என்று கேட்டிருந்தீர்கள். அவர் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவர் செய்வது சட்டப்படி தப்பு, வேறு வழியில்லாமல் செய்கிறார். அவர் மகள் அந்தப் படத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அதை என் பெட்டியில் வைத்திருக்க மட்டும்தான் எனக்கு உரிமை.

தெருவில் யாரை எடுக்கலாம் என்பதில் என் எண்ணம் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ‘பொது இடம், யாரையும் எடுக்கலாம்’ என்று சொல்பவர்களோடு ஒரு காலத்தில் நானும் இருந்தேன். இப்போது இல்லை. லேடீஸ் கம்பார்ட்மென்ட் பக்கம் கேமராவைத் திருப்புவதே இல்லை. நடைபாதையில் தூங்குபவரை எடுப்பதில்லை. குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்களை எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுப்பேன். பெரும்பாலும் “எங்களை எதுக்குப்பா, குடத்தை எடு” என்பார்கள். குடத்தை எடுப்பேன். பச்சை, ஆரஞ்சு, ஊதா, நெளிந்த எவர்சில்வர் ஒன்று. ஒவ்வொன்றின் கழுத்திலும் அடையாளத்துக்கு ஒரு துணிக்கிழிசல் கட்டியிருக்கும். யாருடைய குடம் என்று தெருவுக்கே தெரியும். ஆட்கள் இல்லாமலே ஆட்களைச் சொல்லும் படம் அது.

பூக்கார அக்காவுக்கு அவர் படத்தைப் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். கையில் இருந்த சரத்தை வைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பிரின்ட் கொடுங்கள் தம்பி. செலவு பத்து, இருபது ரூபாய்தான்.

19 ஜூலை

நேற்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய டிரங்க் ரோட்டில் கோழிக்குஞ்சு, செடி, கழற்றிப்போட்ட மிக்ஸி மோட்டார், ரிமோட் குவியல் என்று வழக்கம்போல. தார்ப்பாயில் இரண்டு ஃபிலிம் கேமரா, பூஞ்சை பிடித்த லென்ஸோடு. பக்கத்தில் ஒரு கல்யாண ஆல்பம்.

ஆல்பத்தைப் புரட்டினேன். கறுப்பு வெள்ளை. பொண்ணு மாப்பிள்ளை, பந்தி, ஜானவாசக் கார். பேர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. கார் நிற்கும் தெரு பல்லாவரமா, மாயவரமா என்று சொல்ல வழியே இல்லை. பின்னால் ஒரு கடைப்பலகை பாதி தெரிகிறது, ஊர்ப் பெயர் மட்டும் வெட்டுப்பட்டுவிட்டது. விற்பவர் அட்டைக்கும் வெள்ளிக் கரைக்கும் சேர்த்துத்தான் விலை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் ஃபைல்களுக்குப் பேர் மாற்ற உட்கார்ந்துவிட்டேன். முதலில் வருஷம்-மாதம்-நாள், பிறகு ஊர், தெரு, எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது. கேமரா கொடுக்கும் எண்ணை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். உங்கள் பேரப்பிள்ளைக்கு அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

22 ஆகஸ்ட்

மெட்ராஸ் டே என்று எல்லோரும் சென்ட்ரலும் ஹைகோர்ட்டும் போட்டிருக்கிறீர்கள். நல்ல படங்கள். நான் வேறு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

1856-ல் இரண்டு காரியம் நடந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை மதராஸ் மாகாண அரசு தன் போட்டோகிராபராக நியமித்தது. அதே வருஷம் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கத்து வாலாஜா ரோடு நிலையத்துக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. ராயபுரம் நிலையம் இன்றும் நிற்கிறது. டிரைப் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று போய்க் கோயில்களையும் மலைக்கோட்டைகளையும் அற்புதமாக எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பீடக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டினார். அரசு கேட்டது நினைவுச்சின்னங்களை. அந்தக் கேமரா முதல் ரயிலுக்கு மூட்டையோடு வந்து நின்றவர்கள் பக்கம் திரும்பியிருந்தால், அவர்கள் எப்படி உட்கார்ந்தார்கள், என்ன கட்டிக்கொண்டு வந்தார்கள் என்றெல்லாம் இன்று தெரிந்திருக்கும். எனக்கு அந்த ஏக்கம் உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் இந்தியாவின் பழைய கற்காலக் கோடரியை முதன்முதலில் அடையாளம் கண்டது பல்லாவரத்தில். சரளைக்குழி ஒன்றிலிருந்து வாரிப்போட்ட கற்களுக்கு நடுவே கிடந்தது. அந்தக் குழியைத் தாண்டி எத்தனை பேர் தினமும் போயிருப்பார்கள்!

திரிசூலம் பிளாட்பாரத்தில் நின்றால் எதிரே மலையைக் குடைந்த முகம் தெரிகிறதே, அந்தக் கருநீலப் பாறை சார்னகைட். கொல்கத்தாவில், அந்த ஊரை நிறுவியவராகச் சொல்லப்படும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னக்கின் கல்லறையில் இருப்பதும் இந்தப் பக்கத்துக் கல். அதைப் பார்த்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் பாறைக்கே அந்தப் பெயரை வைத்தார். மழை பெய்து ஓய்ந்ததும் போய் எடுங்கள். நனைந்தால்தான் நீலம் வரும்.

13 செப்டம்பர்

போட்டோவில் மின்கம்பி, கேபிள் டிவி வயர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் ஏஐ வைத்து அழித்துவிட்டு ‘கிளீன் குரோம்பேட்டை’ என்று ஒருவர் போட்டிருக்கிறார். நண்பரே, தயவுசெய்து ஒரிஜினலையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயர் கொத்து நம் காலத்தின் அடையாளம். மாடிக்கு மாடி கேபிள்காரர் கயிறுபோல வீசிக் கட்டியது ஒரு காலம். டிஷ் வந்தது ஒரு காலம். இப்போது இன்டர்நெட் ஃபைபர் சுருள் கம்பத்தில் வளையமாகத் தொங்குகிறது. வருஷத்தைச் சொல்லாமலே வருஷம் தெரியும்.

தெருப் பெயர்ப் பலகைகளை உடனே எடுங்கள். 2021 நவம்பரில் பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. ‘பல்லாவரம் நகராட்சி’ என்று மஞ்சளில் கறுப்பு எழுத்தோடு ஒரு பலகை எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. கீழ் மூலையில் துரு, மேலே டியூஷன் சென்டர் ஸ்டிக்கர், நடுவில் யாரோ ஆணியால் கீறிய இதயம். கிட்டப் போய் ஒன்று, தெரு முழுக்கத் தெரிய ஒன்று என்று இரண்டும் எடுங்கள்.

14 செப்டம்பர்

ஏசி மின்சார ரயில் வந்துவிட்டதா என்ற கேள்விக்கு: ஆமாம், 2025 ஏப்ரலில் பீச்–செங்கல்பட்டு வழியில் விட்டார்கள். கதவு தானாக மூடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், சாதாரண வண்டியின் கதவோரத்தை இப்போதே எடுத்து வையுங்கள். காற்றுக்கு நிற்பவர்கள், நடுக் கம்பி, தரையில் உட்கார்ந்து கீரை ஆய்பவர்கள். அனுமதி கேட்டு, உள்ளே இருந்துதான். வெளியே தலை நீட்டி எடுக்காதீர்கள்.

2 அக்டோபர்

நேற்று ஆயுத பூஜை. ஆட்டோ ஸ்டாண்டில் காலையிலிருந்தே நின்றேன். வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். என்னையும் உட்காரவைத்துப் பொரி கடலை கொடுத்தார்கள். முதலில் கேள்வி கேட்ட தம்பியும் வந்திருந்தார். பூசணிக்காய் உடைக்கும் கணத்தைப் பிடிக்க அவர் குறியாக இருந்தார், பிடித்தும் விட்டார், செந்தூளும் விதையும் காற்றில். எனக்கு அதைவிட, ஸ்டாண்டு சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்த சவாரி வரிசையை அவர் எடுத்த படம்தான் பிடித்தது. யார் முதல் வண்டி, யார் அடுத்தது, யார் இன்றைக்கு லீவு. ஒரு துணி பட்டால் போய்விடும். படத்தில் நின்றுவிட்டது.

19 அக்டோபர்

மழை பிடித்துக்கொண்டது. கேமராவைப் பையில் போடும்போது சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் போடுங்கள். சந்தையில் பார்த்த பூஞ்சை லென்ஸ் ஞாபகம் இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும், கொஞ்ச நேரம் பையிலேயே விட்டுப் பிறகு திறவுங்கள்.

நாளை தீபாவளி. ஊருக்குப் போகிற கூட்டம் நேற்றே தாம்பரம் பிளாட்பாரத்தில் பாதிப் போய்விட்டது. நான் இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டேன், ஒன்றைத் தங்கை வீட்டில் வைக்கப்போகிறேன். தம்பி, உங்கள் சாக்பீஸ் படத்துக்குத் தேதியும் ஸ்டாண்டு பேரும் எழுதினீர்களா? எழுதிவிட்டால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அவர்களுக்குப் பிரின்ட் போட வேண்டும்.